நிலாவை அளக்க இரண்டு ஊர்

சர்வே சங்கிலியைச் சரளை மண்ணில் இழுத்தால் 'கலீர் கலீர்' என்று ஒரு சத்தம் வரும். ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் எல்லை பிரித்த காலத்தில், திருப்பதி மலையடிவாரத்துப் பொட்டலில் கூடாரம் போட்டிருந்த அளவைக்காரர்கள் காலையெல்லாம் அதைத்தான் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மலை ஏறாமலே, பொட்டலின் இரண்டு முனையில் நின்று பார்த்து, உச்சிப் பாறை எத்தனை தூரம் என்று சொல்லிவிடுவார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் அந்த வித்தையை ஒரே நாளில் பிடித்துக்கொண்டேன் என்று இன்றைக்கும் எந்த இன்ஜினீயரிடமும் சொல்வேன்.

சங்கிலி பிடித்த முனிரத்தினம், "வெரலை நீட்டி, ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருடா. வெரலு தாவுதா? கண்ணுக்கும் கண்ணுக்கும் எவ்ளோ தூரம்னு தெரிஞ்சா, வெரலு எவ்ளோ தூரம்னு கணக்குப் போட்டுக்கலாம்" என்றான்.

"அப்ப நிலா?"

"அதுக்கு ரெண்டு கண்ணு பத்தாது. ரெண்டு ஊரு வேணும்."

எனக்கு இன்னொரு ஊர் இருந்தது. அக்காவைத் திருத்தணியில் கட்டிக்கொடுத்திருந்தோம். திருத்தணி மெட்ராசோடு போகவேண்டும் என்று அக்கா வீட்டுக்கார மாமா கூட்டத்தில் கத்த, திருப்பதி மண்டியில் மூட்டை தூக்கிய எங்கள் நைனா எதிர்த்துப் பேச, வாய் தடித்து, "இனிமே உங்க ராஜ்ஜியத்துல காலே வெக்கமாட்டேன்" என்று நைனா கிளம்பி வந்துவிட்டார். அதன்பின் போக்குவரத்து இல்லை.

நைனாவுக்குத் தெரியாமல் அக்காவுக்குக் கார்டு போட்டேன்: ரோகிணியன்று, ரேடியோவில் ராத்திரி ஏழேகால் செய்தி தொடங்கும் அதே நேரத்தில், நிலாவையும் பக்கத்திலுள்ள சிவப்பு நட்சத்திரத்தையும் பார்த்து, இடைவெளி எவ்வளவு என்று வரைந்து அனுப்பு. நானும் இங்கே வரைந்தேன். பதில் வந்தது. ஒரு வட்டம், ஒரு புள்ளி, கீழே, "எனக்கு எட்டாம் மாசம். நைனாவ ஒரு தரம் வரச் சொல்லுடா."

இரண்டு படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லை.

முனிரத்தினம் சிரித்தான். "நாப்பது மைலுதானே? ரெண்டு கண்ணையும் ஒரே குழியில வெச்சிக்கினு பார்த்தா மாதிரிடா."

அளக்க முடியாத வருத்தம் எனக்கு இல்லை. அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட கர்வத்தோடு நைனாவிடம் ஓடினேன். "நிலாவுலேந்து பார்த்தா நாம இருக்கறதும் அக்கா இருக்கறதும் ஒரே எடம்தான் நைனா. போய்ட்டு வா."

கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நிலாவுல யார்ரா குடியிருக்கறது?" என்றார். போகவில்லை. பேரனுக்கு மீசை முளைத்த பிறகும் போகவில்லை.

நான் கிளீனராகச் சேர்ந்து ஏழு லாரிக்கு முதலாளி ஆனேன்; எவன் தயவும் இல்லை. திருத்தணி வழியாக ஆயிரம் நடை போயிருப்பேன். லோடு அவசரம் என்று அக்கா தெருவைத் தாண்டித் தாண்டியே போனேன். இறங்கியது நாலைந்து தரம் இருக்கும். இன்றைக்கு அந்த மண்டி இல்லை, நைனா இல்லை, போன தையோடு அக்காவும் இல்லை. காரில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். போய் இறங்க வீடுதான் இல்லை.