தூக்கிக் கட்டிய மரம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சிட்லபாக்கம் வீட்டைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை நான்தான். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போனதில் அம்மாவுக்கு ஒரே படபடப்பு.

அவள் கவலையெல்லாம் வாசலில் நிற்கும் என் மரத்தைப் பற்றித்தான்!

தொங்கு பாட்டில் பிரஷ் என்று பெயர்; பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி சிவப்பாகப் பூக்கும். ஆசை ஆசையாக நர்சரியில் வாங்கி வந்து வைத்தது. கிளையெல்லாம் கீழே பார்த்துத் தொங்கும்... அதுதான் அதற்கு அழகு. தெருவில் யார் இதை நம்புகிறார்கள்? பால்காரர் தினமும் சைக்கிளை நிறுத்தி, ‘இன்னா சார், மரம் பேஜாரா கீது?’ என்று துக்கம் விசாரிப்பார். நிமிர்ந்து நிற்பதை நம் ஊரில் யாரும் கேள்வி கேட்பதில்லை. கொஞ்சம் தொங்கினால் போதும் — ஆளுக்கொரு யோசனை!

‘செடிக்குத் தண்ணி ஊத்தத் துப்பில்லாத வூட்டுல எவன்டா பொண்ணு குடுப்பான்?’ என்றாள் அம்மா.

‘அது அப்படித்தாம்மா வளரும்’ என்று படித்துப் படித்துச் சொன்னேன். எடுபடவில்லை.

ஞாயிறு காலை எழுந்து பார்க்கிறேன்... மரத்துக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் கழி. அம்மா தன் பழைய மஞ்சள் சேலையைக் கிழித்து, கிளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கழியோடு கட்டியிருந்தாள். அவிழ்ப்பதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

பெண்ணின் அம்மா இறங்கினார். மரத்தைப் பார்த்தார். மஞ்சள் துணி முடிச்சுகளைப் பார்த்தார். சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்!

‘வேண்டுதல் மரம் வாசல்லயே இருக்கே! எங்க பொண்ணுக்காக நானும் ஒண்ணு கட்டட்டுமாங்க?’

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் காலை மிதித்தாள்.

‘தாராளமா கட்டுங்க சம்பந்தி!’ என்று உள்ளே போய், மிச்சமிருந்த சேலையில் ஒரு துண்டு கிழித்து வந்து கொடுத்தாள்.

சம்பந்தி! அதற்குள்!

புதன்கிழமை எதிர் வீட்டு போனில் சம்மதம் சொல்லிவிட்டார்கள். இனி முடிச்சுகளை அவிழ்க்க முடியுமா? கல்யாணம் முடிகிற வரைக்கும் மரத்தில் கை வைக்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

நேற்று பார்த்தால், புதிதாக ஒரு முடிச்சு.

‘என்னம்மா இது? இந்தச் சாமியை உண்டாக்கினதே நீதானே?’

‘வர்றவ என் பேச்சைக் கேக்கணும்னு வேண்டிக்கினேன். உனக்கென்ன?’

அவள் காய்கறி வாங்கப் போன சமயம் பார்த்து நானும் ஒன்று கட்டிவிட்டேன். என்ன வேண்டுதல் என்று உங்களுக்குச் சொல்லலாம்தான். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா, படிக்கத் தெரியாத என் அம்மாவுக்கு பத்திரிகையில் வரும் இந்தப் பக்கத்தை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டுகிறாரே!