ஒன்பதாம் வளைவின் கருப்புச் செங்கல்

எங்கள் ஊர் சான் இசித்ரோவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், நகரமன்றக் கட்டடத்தை நகரமன்றம் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். ‘வளைவுகள்’ என்றுதான் சொல்வார்கள். செங்கல்லில் எழுப்பிய இருபத்து மூன்று வளைவுகள். மாடியில் அதிகாரிகள், கீழே சந்தை. மாடியில் இருந்தவர்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறினார்கள். கீழே இருந்தவர்களை மாற்ற எந்தக் கொம்பனாலும் முடியவில்லை. ஒன்பதாவது வளைவின் கீழே ஓப்துலியா ரெகலாதோவும் அவள் தங்கை காந்திதாவும் முப்பத்தொரு வருஷம் ஒரே பாயில் உட்கார்ந்து தொத்தோப்போ என்கிற மொறுமொறு சோள ரொட்டி விற்றார்கள்.

தொத்தோப்போ சுடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. சோள மாவைத் தட்டி, விரலால் பொத்தல் போட்டு, தணல் கனிந்த பானையின் உள்சுவரில் வெறுங்கையால் அப்ப வேண்டும். பானையைச் சுற்றிக் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியிருக்கும். அதுதான் எங்கள் பெண்களின் அடுப்பு. அதற்குள் கைவிட்டுக் கைவிட்டு ஓப்துலியாவின் வலது கை முழங்கை வரைக்கும் காய்ப்பேறிக் கிடக்கும். வாயும் அப்படித்தான், அதற்கும் சூடு பழக்கம். அந்த வாயில் விழாதவர்கள் ஊரில் குறைவு, நானும் தப்பவில்லை.

பூகம்பம் வந்தது ஒரு செப்டம்பர் காலையில். ஓப்துலியா காப்பி வாங்கத் தெருவைத் தாண்டிப் போயிருந்தாள். இரண்டு குவளையையும் கையில் பிடித்தபடி திரும்பினாள். அவள் கண்ணெதிரே ஏழு வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. ஒன்பதாவதும் அதில் ஒன்று. காந்திதாவை வெளியே எடுக்கச் சாயங்காலம் ஆனது. அதுவரை ஓப்துலியா அந்த இரண்டு குவளையையும் கீழே வைக்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள்தான் விரலைப் பிரித்து வாங்கினார்கள்.

சாவு முடிந்தது, நாற்பதாம் நாள் ஜெபமும் முடிந்தது. ஊரில் ஒரு வீடு பாக்கி இல்லாமல் அடுப்பு நொறுங்கிக் கிடந்தது. நிவாரணம் என்று டப்பாவில் அடைத்த மீனும் பிஸ்கட்டும் வந்தன. அடுப்பு கொண்டு வர யாருக்கும் தோன்றவில்லை. சுட்டு விற்றால்தான் சோறு என்றிருந்த பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஓப்துலியாவுக்கு அது பொறுக்கவில்லை. மாட்டுவண்டி ஒன்றைப் பிடித்து, அவர்களையும் கூட்டிக்கொண்டு நேரே இடிபாட்டுக்குப் போனாள்.

“இடிஞ்சு விழுந்தது நம்ம தலையில. கல்லு மட்டும் யாருக்காம்? எடுங்கடி,” என்றாள்.

எடுத்தார்கள். ஒரு வாரம் வண்டி வண்டியாக எடுத்தார்கள். காவல்காரர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். அவர் வீட்டிலும் அடுப்பு உடைந்துதானே கிடந்தது. பத்து நாளில் ஊரெல்லாம் புகை கிளம்பிவிட்டது. மிச்சமிருந்த இடிபாட்டில் ஒரு குவியலை மட்டும் நகரமன்ற முற்றத்தில் அடுக்கிவிட்டு, மற்றதை லாரிகள் அள்ளிக்கொண்டு போய்க் காயலோரப் பள்ளத்தில் கொட்டின. விழாமல் நின்ற வளைவுகளையும் ஆபத்து என்று அடைத்துவிட்டதால் சந்தை பூங்காவில் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்தது. வடக்குக் காற்று அடிக்கிற மாசங்களில் தார்ப்பாயைப் பிடிப்பதா, கூடையைப் பிடிப்பதா என்று தெரியாது.

இரண்டு வருஷம் கழித்துத்தான் எவெரார்தோ என்ற இன்ஜினியர் வந்து பூங்காவில் கூட்டம் போட்டார். ஒல்லியான மனுஷன், மெல்லத்தான் பேசினார். விழுந்த ஏழு வளைவுகளின் முகப்புக்குப் போதுமான பழைய செங்கல் இருந்தால்தான் பழையபடி கட்டத் தொல்பொருள் அலுவலகம் அனுமதிக்கும். இல்லாவிட்டால் இடத்தைத் தட்டையாக்கி வண்டி நிறுத்துமிடம்; சந்தைக்கு நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. மாசக் கடைசியில் அந்த அலுவலகத்து மேலதிகாரி பார்க்க வருகிறார்.

“முற்றத்துல அடுக்கினது மழையில உப்புப் பூத்து உதிர்ந்துபோச்சு, காயல் பள்ளத்துல கொட்டினது தண்ணியில ஊறிப்போச்சு. மத்த கல்லெல்லாம் எங்கேதான் போச்சு?” என்று கேட்டார்.

அத்தனை பெண்களும் தங்கள் கால்விரலையே பார்த்தார்கள். ஓப்துலியா எழுந்தாள்.

“எங்க அடுப்புல இருக்குங்க ஐயா. நான்தான் எடுக்கச் சொன்னேன். ஜெயில்ல போடணும்னா என்னைப் போடுங்க. ஆனா நாளைக்கு வேணாம், சோளம் ஊறப் போட்டிருக்கேன்.”

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வண்டி நிறுத்துமிடம் என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்தே அவள் நினைப்பெல்லாம் ஒன்பதாவது வளைவில்தான் இருந்தது. காந்திதா விழுந்த இடத்தில் எவனோ காரை நிறுத்திப் பூட்டிவிட்டுப் போவான். அதை மட்டும் அவளால் தாங்க முடியாது.

மறுநாள் எவெரார்தோ அவள் வீட்டுக் கொல்லைக்கு வந்தார். அடுப்போரம் குந்தி, ஒரு செங்கல்லை விரல்முட்டியால் தட்டினார். கணீர் என்றது. இன்னொன்றைத் தட்டினார், அதுவும் கணீர். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அக்கா, ரெண்டு வருஷமா நீங்க இதை ஈரம் படாம தினமும் சூட்டுல வச்சிருக்கீங்க. ஒரு கல்லுகூட கெடலை. நீங்க இதைத் திருடலை, காப்பாத்தியிருக்கீங்க.”

“ரெண்டும்தான் பண்ணினேன். எத்தனை கல்லு வேணும்?”

“கிட்டத்தட்ட எல்லாமே.”

எல்லாமே என்றால் ஊரில் எல்லா அடுப்பையும் உடைக்க வேண்டும். எடுக்கச் சொன்னது சுலபம். பெற்ற பிள்ளையைப்போல பூசி மெழுகி வைத்திருக்கிற அடுப்பை உடை என்று எந்த வாயால் சொல்வது? எங்கள் ஊரில் பெரிய காரியத்துக்குக் கடிதாசி போட்டோ ஒலிபெருக்கி வைத்தோ கூப்பிட்டால் நாய்கூட வராது. கலியாணமானாலும் திருவிழாவானாலும் காலையில் தலைசீவிப் பூ வைத்து, நல்ல பாவாடை கட்டி, கையில் இனிப்பு ரொட்டியோடு வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டும். ரொட்டியைக் கையில் வாங்கிவிட்டால் வந்தே தீர வேண்டும், வெறுங்கையோடும் வரக் கூடாது. ஓப்துலியா முதலில் தன் அடுப்பைக் கடப்பாரையால் தானே இடித்தாள். பிறகு குளித்துப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். தங்கை செத்ததிலிருந்து அவள் தலையில் பூ ஏறியது அன்றைக்குத்தான்.

நாலு நாளில் பாதி ஊர் ரொட்டியை வாங்கிக்கொண்டது. மீதிப் பாதி, எர்மீனியா என்ன சொல்கிறாள் என்று காத்திருந்தது. எர்மீனியா மூன்று பானை அடுப்புக்காரி, சந்தையில் ஓப்துலியாவோடு சரிக்குச் சரி மல்லுக்கு நிற்கக்கூடிய ஒரே ஆள். நீட்டிய ரொட்டியை அவள் வாங்கவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“எடுன்னு சொன்னதும் நீ, இப்பக் குடுன்னு சொல்றதும் நீ. நாங்க என்ன உன் வீட்டுக் கோழியா, கையைத் தட்டினா ஓடிவர?”

“திட்டு. உனக்கு அந்த உரிமை உண்டு.”

“நாளைக்கு நீ எதை விப்ப?”

“ஒண்ணும் இல்ல. அடுப்பை இடிச்சுட்டேன்.”

பூகம்பத்தை ஒட்டிய அந்த மாசங்கள் தவிர ஓப்துலியா கூடையில்லாமல் சந்தைக்கு வந்து எர்மீனியா பார்த்ததே கிடையாது.

“மூளை இருக்கா உனக்கு? எல்லாரும் ஒரே நாள்ல இடிச்சா ஊரு எதைத் தின்னும்? இந்த வாரம் மேலத் தெரு இடிக்கட்டும். அந்த நாள்ல அவளுங்க மாவை எங்க தெரு அடுப்புல சுடட்டும். அவளுங்க பச்சை மண்ணு வச்சுப் புது அடுப்பு கட்டினதும் நாங்க இடிக்கிறோம், எங்க மாவு அங்கே வரட்டும். இதுகூடத் தோணலை, பூ மட்டும் வச்சுக்கிட்டுக் கிளம்பிட்டா.” கையை நீட்டினாள். “குடு அந்த ரொட்டியை. காஞ்சுபோயிருக்கு பாரு.”

சும்மா சொல்லக் கூடாது, அந்த மூன்று வாரம் எங்கள் ஊர் நடந்துகொண்ட விதம் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது. ஜென்மப் பகை கொண்ட வீட்டு மாவெல்லாம் ஒரே பானையில் வெந்தது. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை பித்தளை வாத்தியம் முன்னால் போக, பெண்கள் ஊர்வலமாக வந்தார்கள். பூ வரைந்த பெரிய சுரைக்குடுக்கைக் கிண்ணங்களைக் கலியாண ஊர்வலத்தில் பழத்தோடு சுமப்பார்கள் அல்லவா, அன்றைக்கு ஒவ்வொரு தலையிலும் அதற்குள் செங்கல். கழுத்து சுளுக்கினாலும் ஒருத்தியும் கையில் தூக்கவில்லை. பின்னால் எர்மீனியாவின் மாட்டுவண்டி.

எவெரார்தோ கிண்ணங்களுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். விசேஷத்துக்கு அழுக்கோடு போவது மரியாதை இல்லையே என்று ஒவ்வொருத்தியும் கரி போகத் தேய்த்து, அதுவும் போதாமல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருந்தாள். சிலவற்றில் ரிப்பன் வேறு.

“சுண்ணாம்பு அடிச்சா எது பழசு, எது புதுசுன்னு அதிகாரி எப்படிக் கண்டுபிடிப்பாரு?”

“விசேஷத்துக்கு நீங்க குளிக்காமத்தான் போவீங்களா?” என்றாள் எர்மீனியா.

வந்திருந்த மேலதிகாரி, பாவம், எதை நம்புவது என்று தெரியாமல் விழித்தார். ஓப்துலியா தன் கிண்ணத்தை இறக்கினாள். அதில் இருந்த அஞ்சு கல் மட்டும் அடுப்பிலிருந்து பிடுங்கியபடியே கன்னங்கரேல் என்று இருந்தன. பழைய செங்கல்லின் கனமும் அகலமும் கரிக்கு அடியில் அப்படியே தெரிந்தன. அவர் அதைக் கையில் எடுத்து, சுண்ணாம்புக் கற்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார், தட்டிப் பார்த்தார். சாயங்காலம் கையெழுத்துப் போட்டார். சுண்ணாம்பைச் சுரண்டி எடுக்கத்தான் ஊருக்கு ஒரு வாரம் பிடித்தது.

“உங்களதையும் சுத்தம் பண்ணிடலாமா அக்கா?” என்றார் எவெரார்தோ.

“வேணாம். நானும் தேய்ச்சுத்தான் கொண்டுவரணும், முறைன்னு பார்த்தா. மனசு வரலை. காந்திதா மேல விழுந்த கல்லு இது, அங்கேயிருந்துதான் எடுத்தேன். ரெண்டு வருஷம் தினமும் இதுகிட்டக் கோவிச்சுக்கிட்டேதான் சுட்டேன். ஆனா இதுதான் எனக்குச் சோறும் போட்டுச்சு. இருந்தது இருந்தபடி வைங்க.”

அப்படியே வைத்தார்கள். இன்றைக்கும் போய்ப் பாருங்கள். ஒன்பதாவது வளைவின் உச்சியில் அஞ்சு கல் கருப்பாக இருக்கும். வெளியூர்க்காரர்கள் தீப்பிடித்த தடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊரையே தூக்கி நிறுத்துகிற கல் அதுதான் என்று நான் சொல்வேன்.

கட்டி முடித்து வளைவுகளைத் திறந்த அன்றைக்கு ஓப்துலியா விடிந்ததும் வந்து பாயை விரித்தாள். பாதிப் பாயில் உட்கார்ந்தாள். மறுபாதி காலியாகக் கிடந்தது. எவெரார்தோ வந்து, “மறுபடி இதுக்குக் கீழே உட்கார பயமா இல்லையா?” என்று கேட்டார்.

“உங்க கணக்கு எனக்குத் தெரியாது. இந்தக் கல்லைத் தெரியும்,” என்று ஒரே போடாகப் போட்டாள்.

எர்மீனியாவின் மருமகள் நெரெய்தா, சந்தைக்குப் புதுசு, இடம் கிடைக்காமல் கூடையை இடுப்பில் வைத்தபடி அரை மணி நேரமாகத் தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். காலியாக இருந்த பாயை அவளும் பார்த்தாள், யாருடைய இடம் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. ஓப்துலியா அவளைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், அண்ணாந்து அந்த அஞ்சு கல்லைப் பார்த்தாள்.

“எவ்வளவு நேரம்டி தூணுக்கு முட்டுக் குடுப்ப? வா, உட்காரு.”

நெரெய்தா தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள்.

“பத்து மணிக்கு அந்தப் பக்கம் வெயில் முகத்துல அடிக்கும். தலைத்துணியை முன்னால இழுத்து விட்டுக்க,” என்றாள் ஓப்துலியா. “என் தங்கச்சி அப்படித்தான் செய்வா.”