மஞ்சள் விழாத பால்

லோர்னா மிஸ் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பால் ஊற்றிய சோதனைக் குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். நாவற்குடாப் பால் நிலையத்தில் அந்த ஒற்றைக் கண்ணுக்குத் தப்பி ஒரு போத்தலும் வெளியே போகாது. பார்த்து முடிந்ததும், தச்சனான தகப்பன் செய்துகொடுத்த முதிரை மர வாங்கில் அமர்வார். அதில் வேறொருவர் இருந்துவிட்டால் அன்று முழுக்கப் பேச்சில்லை.

பசும்பாலில் பொஸ்பற்றேஸ் என்றொரு நொதியம் உண்டு. பாலில் விடும் சோதனை மருந்திலுள்ள பொஸ்பேற்றை அது வெட்டினால் மஞ்சள் விழும். "அது கூடாத சாமான் இல்ல. ஆனா அதுவே சூட்டில சாகல்லெண்டா, அதுக்கு முதல் சாகவேண்டிய கிருமியும் உயிரோட இரிக்கும்" என்பார் மிஸ். காய்ச்சாத பால் நிற்கும் குழாய்க்கு அவர் வைத்த பெயர் 'அங்கிள்'. அது எப்போதும் மஞ்சள்தான்.

அந்த நொதியத்தைப் பற்றி யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் அதன் குலவரலாறு தொடங்கும்.

"பக்ரீரியாவுக்கு அது பசி தீர்க்கும். உங்கட எலும்பில எலும்பு கட்டும். குடலில காவல் நிக்கும். எல்லாம் ஒரு மூதாதைட புள்ளையள். எங்கட பறங்கிக் குடும்பம் மாதிரி. ஒருத்தன் தச்சன், ஒருத்தன் கொல்லன், ஒருத்தன் ஒஸ்ரேலியாவில. கையில மட்டும் அதே பழைய கத்தி!"

சுனாமி முகாமில் யாரோ அரைச்சூட்டில் இறக்கிக் கொடுத்த பாலைக் குடித்துப் பிள்ளைகள் சுருண்டு கிடந்ததைப் பார்த்தவர். அவர்களில் ஒருத்தி தம்பி லெஸ்டரின் மகள் சாஷா. அவள் பிழைத்தது தெய்வாதீனம்.

போர் முடிந்த ஆண்டு, ஆனி மாதம். இன்னொரு முகாமுக்கான பால் லொறியில் ஏறிவிட்டது. குழாயைத் தூக்கிப் பார்த்தார் மிஸ். அங்கிளின் மஞ்சள் சாயல் அப்படியே இருந்தது. அடுப்புக்குப் பொறுப்பு லெஸ்டர்தான்.

"லேசான மஞ்சள்தானே அக்கா. அங்க புள்ளையள் கோப்பையோட நிக்கிதுகள்."

"நிக்கட்டும்."

"பால் போகல்லெண்டா இண்டைக்கு வெறும் தேத்தண்ணிதான்."

"இந்தப் பால சாஷாவுக்குக் குடுப்பியாடா?"

லெஸ்டர் அடுப்படியிலிருந்து ஒரு விறகை எடுத்துக் காட்டினான்.

"ராத்திரி மழையில விறகெல்லாம் ஈரம் அக்கா. சூடு ஏற மாட்டன் எண்டுது."

மிஸ் லொறிச் சாவியைக் கழற்றிக் கவுன் பைக்குள் போட்டார். பிறகு அறைக்குள் போய், முதிரை வாங்கை அடுப்படிவரை இழுத்து வந்தார்.

"இது காஞ்ச மரம்" என்று கோடரியைத் தம்பியிடம் நீட்டினார்.