மதாம் வீட்டு வாசலில் மாத்திரை

போன வாரம் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரிப் பெண் காசநோய் மாத்திரைப் பட்டையைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தாள். வீட்டில் தானே விழுங்கிக்கொள்வாளாம். அந்தச் செங்கல் நிறத்தைப் பார்த்ததும் எனக்கு மீன் வாடை அடித்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

இருபது வருஷத்துக்கு முன்னால் புதுச்சேரியில் மாத்திரை கொடுப்பதுதான் என் வேலை. ஒன்றுவிட்டு ஒரு நாள் நோயாளி என் கண்ணெதிரே விழுங்க வேண்டும். குருசுக்குப்பத்து லட்சுமி தெருத்தெருவாக மீன் விற்பவள். "வூட்டாண்ட வராத சார். மீன் வாங்கறாப்புல வா" என்றாள். எங்கள் வீட்டிலோ முட்டைகூட நுழையாது. வாங்கிய மீனெல்லாம் ஆபீஸ் வாட்ச்மேனுக்குப் போனது. லட்சுமிக்கு முன்னால் அவர் உடம்பு தேறிவிட்டது. அவளும் பாக்குப் போடுவதுபோல மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். ஒரு மாதத்தில் இருமல் அடங்கியது.

ஒரு புதன்கிழமை அவள் வரவில்லை. ஒரு வேளை தவறினாலும் மறுநாளே தேடிப் பிடிக்க வேண்டும் என்பது விதி. நான் விதியைக் கரைத்துக் குடித்தவன். மாத்திரைப் பெட்டியும் கையுமாக அவள் அதிகம் மீன் விற்கும் தெருவில் வீடு வீடாகத் தட்டி, "லட்சுமி வந்தாங்களா? மாத்திரை சாப்பிடாம விட்டுட்டாங்க" என்று கேட்டேன். பெட்டியின்மேல் நோயின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. படித்த முட்டாள் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த நாளிலிருந்து அவள் கூடையில் மீன் அப்படியே கிடந்தது.

"ஊருக்கே தண்டோரா போட்டுட்டியே சார். மாத்திர குடுத்து உசுரக் காப்பாத்திடுவ. பொழப்ப யாரு காப்பாத்துவா? எனக்கு வேணாம், எடுத்துட்டுப் போ."

பாதியில் நிறுத்தினால் நோய் முன்னைவிட முரண்டு பிடித்துத் திரும்பும். அவளிடம் வாடிக்கையாக வாங்கும் மதாம் வீட்டுக்குப் போனேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பம், அதனால் தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். மதாமுக்கு எழுபதுக்கு மேல். கூடத்தில் மூன்று படங்கள் மாட்டியிருந்தன. அவருடைய அப்பாவின் தங்கைகள் இருவர், தம்பி ஒருவர். யாருக்கும் இருபத்தைந்து தாண்டியிருக்காது.

"மூணு பேரும் இதே வூட்லதான் போனாங்க, இருமியே. நான் பொறக்கறதுக்கு முன்னாடி. அப்பல்லாம் இந்தத் தெருவுல எழவு விழாத வூடே இல்லன்னு அப்பா சொல்லுவாரு. அவங்க தட்டு, தம்ளர் எல்லாத்தையும் கடல்ல போட்டாங்களாம்."

"லட்சுமி இத்தன நாளா மருந்து சாப்பிட்டுட்டாங்க மதாம். இப்ப அவங்ககிட்டேர்ந்து பயமில்ல. மீன்ல எப்பவுமே ஒட்டாது. யாரும் வாங்கலன்னுதான் இப்ப மருந்தையே நிறுத்திட்டாங்க."

படங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இதுங்களுக்கு அந்த மாத்திர கெடைக்கலியே தம்பி" என்றார். பிறகு, "அவள வரச் சொல்லு. என் வாசல்ல ஒக்காந்து முழுங்கட்டும்" என்றார்.

லட்சுமியைக் கூட்டிவர மூன்று தடவை அலைந்தேன். மதாம் தன் வீட்டுத் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் தூக்கிக் குடிக்கப் போக, "வாய வெச்சே குடி" என்று அதட்டினார். எதிர்வீட்டு ஜன்னல்கள் பார்த்துக்கொண்டிருந்தன. தம்ளர் கடலுக்குப் போகவில்லை, வீட்டுக்குள்ளேயே போனது. மீன் வாங்க எல்லோரும் திரும்பி வரவில்லை. நாலைந்து வீடுகள் வந்தன, அது போதுமாக இருந்தது.

ஆறு மாதம் முடிந்து சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. சீட்டை நீட்டினேன். வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நல்லா இருப்ப சார். ஆனா இனிமே இந்தத் தெருப்பக்கம் வராத. ஒன்னப் பாத்தா எல்லாத்துக்கும் ஞாபகம் வந்துடும்."

வலித்தது. ஆனால் அவள் சொன்னது நியாயம். கடற்கரைக்குப் போகும்போது இன்றும் அடுத்த தெரு வழியாகத்தான் போகிறேன். மதாம் தெருவில் இப்போது யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது எனக்குத் தெரியாது.