ரப்பர் ஷீட்டின் மேல் நிறுத்திய கார்

என் வீட்டுக்காரர் செத்தது அவருடைய பிடிவாதத்தால். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் பெரிய கிராணியைக் குறை சொல்ல வேண்டாம். கார் கிராணியுடையதுதான். ஆனால் அதை எதன் மேல் நிறுத்துவது என்று முடிவு செய்தது இவர்.

மலாயாவில், ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அங்கே இரண்டே கார்கள் இருந்தன. ஒன்று வெள்ளைக்காரத் துரையுடையது, மற்றொன்று தலைமைக் குமாஸ்தாவாக ஆபீசைக் கட்டி ஆண்ட பெரிய கிராணியுடையது. கிராணி யாழ்ப்பாணத்தார். அவருடைய கார் துணிக் கூரை போட்ட பழைய வண்டி. அதை ஓட்டுவது, துடைப்பது, பழுது பார்ப்பது எல்லாம் என் வீட்டுக்காரர் வேலை. நான் புல் வெட்டும் பெண்களோடு வெளிக்காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

காரைத் தூக்கத் தெரியாதவர் இல்லை அவர். தரை சமமாக இருக்கிறதா என்று பார்ப்பார். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைப்பார். ஜாக்கி தூக்கத்தான், தாங்க இல்லை என்பார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒரு விரலைக்கூட விட்டதில்லை. அச்சுக்குக் கீழே கட்டை கொடுத்து, வண்டியை அதன்மேல் இறக்கி, தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்த பிறகுதான் படுப்பார். இவ்வளவும் தெரிந்த மனுஷன்தான்.

ஒரு தடவை கரையான் அரித்த கட்டை ஒன்று பிளந்துபோனது. நல்லவேளை, அப்போது அவர் அடியில் இல்லை. அன்றோடு கட்டை மேல் நம்பிக்கை போய்விட்டது. செங்கல்லை வைத்துப் பார்த்தார், அது நொறுங்கியது. பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. புகை போட்டுக் காயவைத்த ரப்பர் ஷீட்டுகளை மடித்து அடுக்கி, அச்சுக்குக் கீழே கொடுத்தார். வண்டி நின்றது. அதிலிருந்து ஒரே பெருமை.

“கட்டை பொளக்கும், கல்லு நொறுங்கும். ரப்பரு எங்க புள்ள ஒடையும்?” என்று என்னிடமும், எங்கள் குடியிருப்பான லயத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ரப்பரிலேயே பிழைக்கிற ஊர். கேட்ட எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன். மரத்தில் பாலாக வடிந்து, எங்கள் கண்முன் ஷீட்டாகி, எங்களுக்குச் சோறு போட்ட பொருள் அது. அது கைவிடும் என்று யாருக்குத் தோன்றும்?

சக்கரம் மாற்றுகிற சின்ன வேலைகளுக்கு அது தாங்கியது. அந்த நாள் வேலை பெரியது. தாப்பா ஊரில் கிராணி வீட்டுச் சொந்தத்தில் கல்யாணம், அதற்குள் பின்பக்கத்து ஸ்பிரிங் வில்லைக் கழற்றி மாற்ற வேண்டும். காலையில் கிராணியே சொன்னார்: “புதுக் கட்டை அறுப்பிச்சுத் தாறன். நாளைக்குச் செய்யலாம்.” இவர் கேட்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கிராணி ஆபீசுக்குப் போய்விட்டார்.

பின் சக்கரங்கள் இரண்டையும் கழற்றிவிட்டு, கிராணி வீட்டு வாசலில், வெயிலில், அடியில் படுத்து வில்லின் ஆணியைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஐந்து பெண்கள் அந்த வீட்டை ஒட்டிய சரிவில் புல் வெட்டிக்கொண்டிருந்தோம். வண்டியின் எண்ணெய் அந்த ஷீட்டுகளின் மேல் காலையிலிருந்தே சொட்டியிருக்கிறது. எண்ணெய் பட்ட ரப்பர் கொழகொழத்துப் போகும். வெயில் வேறு. ஒவ்வொரு அடிக்கும் அடுக்கு கொஞ்சம் கொஞ்சமாக நழுவியிருக்க வேண்டும். கட்டையாக இருந்தால் சத்தம் போட்டுப் பிளந்திருக்கும், அவர் உருண்டு வெளியே வந்திருப்பார். ரப்பர் சத்தம் போடவில்லை.

சுத்தியல் சத்தம் நின்றது. பிறகு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவரே இல்லை.

ஓடினோம். அச்சு அவர் நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தது. நாங்கள் ஐவரும் வண்டியின் பின்புறத்தைப் பிடித்துத் தூக்கினோம். தூக்க முடிந்தது. ஆனால் பிடித்திருக்கத்தான் முடிந்தது. இழுக்க வேண்டும் என்று ஒருத்தி கையை விட்டாள், உடனே வண்டி இறங்கியது, அவர் அலறினார். அவள் திரும்ப ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். என் புருஷன் கால் என் காலில் இடிக்கிறது, குனிந்து தொட எனக்குக் கை இல்லை.

கை சும்மா இருந்தது ஒரே ஆளுக்கு. கிராணியம்மா படியில் நின்றிருந்தாள்.

அந்த அம்மா எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் செம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள், நாங்கள் குனிந்து கையேந்திக் குடிப்போம். எங்கள் நிழல்கூட அவள் வீட்டுப் படி ஏறாது. என் வீட்டுக்காரரிடம் பேசும்போதும் எட்டி நின்றுதான் பேசுவாள்.

“அம்மா, இழுங்கம்மா. கை தாங்காதும்மா,” என்று கத்தினேன்.

அவள் தோட்டத்துப் பக்கம் பார்த்தாள். ஆண்கள் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். ஒருவரும் இல்லை. அந்த நேரத்தில் நான் அவளுக்குக் கொடுத்த சாபங்களை எழுத முடியாது, அச்சுக்கு ஆகாது.

பிறகு இறங்கி வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்ணில் முழங்கால் போட்டு, அவர் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். ஒல்லியான பொம்பளை. எங்கிருந்துதான் அவளுக்கு அந்த பலம் வந்ததோ, முழு ஆளையும் வெளியே கொண்டுவந்து போட்டாள். நாங்கள் வண்டியை விட்டோம்.

நான் அவர் பக்கத்தில் விழுந்தபோது கிணற்றடியில் தண்ணீர் சத்தம் கேட்டது. கிராணியம்மா கட்டிய சேலையோடு தலையில் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தாள். சாவுக்குத்தானே அப்படிக் குளிப்பார்கள்? போய்விட்டார் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். மூக்கில் கை வைத்துப் பார்த்தால் சூடாக மூச்சு வருகிறது. அப்புறம்தான் புரிந்தது, அவள் எதற்குக் குளித்தாள் என்று.

அவசரத்துக்கு அவரை ஏற்றிக்கொண்டு போயிருக்கக்கூடிய கார் சக்கரம் இல்லாமல் கிடந்தது. துரையின் காரும் வெளியே போயிருந்தது. மாட்டு வண்டியில்தான் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு குழியிலும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு நாள் இருந்தார். வாயில் ரத்தம் வராத நேரங்களில் ஒரே பேச்சுதான். “அந்தம்மா என்னயத் தொட்டு இழுத்தாங்க புள்ள. நம்மள யாரு தொடுவா? எங்க ஆத்தா மாதிரி மடியில போட்டு இழுத்தாங்க.”

என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தண்ணீர் சத்தம் உனக்குக் கேட்கவில்லையா மனுஷா என்று கேட்க வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன். சாகிற ஆளிடமிருந்து அதையும் பிடுங்கி எனக்கு என்ன ஆகப்போகிறது?

“நான் கையெடுத்துக் கும்பிட்டேன்னு அவங்ககிட்ட சொல்லு. மறந்துடாத,” என்றார். அன்று ராத்திரி விடியும் முன் போய்விட்டார்.

லயத்தில் கூட்டம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஒரு கிழவர் ஆறுதல் சொன்னார். சறுக்கியது ஆனை இல்லை, கார்; அது நசுக்கியது என் புருஷனை என்று எரிந்து விழுந்தேன். அப்போது கிராணியம்மா வந்தாள். லயத்துக்குள் அவள் வந்தது அதுதான் முதல் தடவை. சாக்கடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். கண் வீங்கியிருந்தது.

நான் எழுந்து சாக்கடையைத் தாண்டிப் போய் அவளுடைய இரண்டு கையையும் பிடித்தேன். வேண்டுமென்றேதான் பிடித்தேன். இழுத்துக்கொள்வாள் என்று பார்த்தேன். இழுத்துக்கொள்ளவில்லை.

குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “அண்டைக்குக் கிணத்தடியிலை நான் முழுகினது அவருக்குத் தெரியுமோ?”

“தெரியாதும்மா,” என்றேன். “ஆத்தா மாதிரி தொட்டுத் தூக்குனீங்கன்னு சொல்லிச் சொல்லித்தான் செத்தாரு. உங்களக் கையெடுத்துக் கும்பிட்டதா சொல்லச் சொன்னாரு.”

அவள் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். எத்தனை திட்டினாலும் அவளை அப்படி உட்காரவைத்திருக்க முடியாது. நான் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. உண்மை என்பதற்காகச் சொன்னேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.