முன்சீட்டு வாயாடி

வேன் டிரைவருக்கு ஸ்டாண்டில் பேரே ‘கழுகு’தான். அரை மைலுக்கு அப்பால் நாய் குறுக்கே போனாலும் ஆணா பெட்டையா என்று சொல்லிவிடுவாராம். அதெல்லாம் ஒரு காலம். இரண்டு வருஷமாக வலது கண்ணில் புகை, இடது கண்ணும் பின்னாலேயே கிளம்பிவிட்டது. மனுஷன் யாரிடமும் மூச்சு விடவில்லை. கண் போச்சு என்று தெரிந்தால் வண்டியும் போச்சே! வண்டி இல்லாவிட்டால் தன்னை எவன் மதிப்பான் என்ற பயம்.

இந்தக் கோடையில் சொந்தக் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பின்சீட்டில் மகள், மாப்பிள்ளை, ஆறு மாசப் பேத்தி. முன்சீட்டில் மனைவி. இரண்டு வருஷமாக எந்தச் சவாரியானாலும் “எனக்கும் காத்து வாங்கணும்” என்று அந்தம்மா தொற்றிக்கொள்வாள். வாய் மட்டும் ஓயவே ஓயாது.

“அந்த சைக்கிள்காரனைப் பாருங்க, நடுரோட்டுல அவங்கப்பன் வீட்டு வாசல் மாதிரி போறான்! ஐயோ, எதிர்ல லாரி, அதுக்கு என்ன அவசரமோ!”

கடலோரமாகவே மூன்று ஊரை இப்படித் தாண்டினார்கள். மாப்பிள்ளை சிரித்துவிட்டார். “ஏன் அத்தை, மாமாவுக்கு ஓட்டத் தெரியாதா?”

கழுகுக்குச் சுருக்கென்றது. “வாயை மூடிட்டு வாடி! இத்தனை வருஷமா நீயா ஓட்டுன?”

அவள் மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்தா ரோடு கடலை விட்டுக் காட்டுக்குள் திரும்ப வேண்டும்? எந்தக் காலத்து மரங்களோ, நட்ட நடுப்பகலிலும் வெயில் தரையைத் தொடவில்லை. வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணில் கரியை அப்பியது போல இருந்தது. முதல் வளைவைப் பழக்கத்தில் திருப்பினார். இரண்டாவதையும் திருப்பினார். வலது பக்கம் பள்ளம் என்று தெரியும், எங்கே தொடங்குகிறது என்றுதான் தெரியவில்லை. ஸ்டியரிங் வேர்வையில் வழுக்கியது. எங்கோ பஸ் ஹாரன் அடித்தது. முன்னாலா, பின்னாலா? பேத்தி இருமினாள். அவருக்கு உயிரே போய்விட்டது.

“பேசேன்டி,” என்றார். “ஏதாவது பேசு.”

“எதிர்ல பஸ். இடது பக்கம் ஒதுங்குங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். போதும், பிரேக்கைப் போடுங்க.”

பஸ் பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது. வேன் நின்றது. அவர் என்ஜினை அணைத்தார்.

“உனக்கு எப்போலருந்து தெரியும்?”

“கல்யாண வீட்டுல என் தங்கச்சியை நான்னு நினைச்சு, செருப்பைத் தேடித் தரச் சொன்னீங்களே, அன்னையிலருந்து. நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்.”

அவர் சாவியைக் கழற்றி மகளிடம் நீட்டினார். ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். “மெதுவா போம்மா. நான் உங்களையெல்லாம் சாகடிச்சிருப்பேன்,” என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்தார். வேன் நகர்ந்தது. முன்சீட்டு வாயாடி ரோட்டைப் பார்க்கவில்லை. அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

“வலது பக்கம் அருவிங்க. ரெண்டா பிரிஞ்சு விழுது. பக்கத்துல ஒரு மரம், நாலு பேர் கை கோத்தாலும் கட்ட முடியாது...”

“ம்,” என்றார் அவர். “சொல்லு.”