பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் பெண்டாட்டி சொல்வாள். சொன்னால் அதற்கும் எனக்கு ஆத்திரம் வரும். தொண்ணூறுகளின் கடைசியில் நானும் அவளுடைய தம்பியும் திண்டிவனத்தில் மரம் அறுக்கும் பட்டறை நடத்திக்கொண்டிருந்தோம். மேஜைக்கு நடுவே வட்ட பிளேடு சுற்றும் மிஷின் ஒன்றுதான் எங்கள் சொத்து. பலகையைத் தள்ளி அறுப்பது எப்போதும் மச்சான்தான், அவனுக்குக் கை நிதானம். மிஷினைக் கழற்றி மாட்டுவது என் வேலை.

பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்கும். அறுபட்ட பலகை மறுபடி ஒட்டிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் பிரித்து வைப்பது அதுதான். விரல் படாமல் காக்கும் மூடியும் அதன் தலையில்தான் இருக்கும். தகடு பிளேடுக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் அதுவே பலகையை இறுக்கிவிடும். அப்புறம் பிளேடு பலகையைத் தூக்கி, அதைத் தள்ளுகிறவன் மேலேயே அடிக்கும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பிளேடில் பொட்டு வைப்பதற்காகத் தகட்டையும் மூடியையும் கழற்றினேன். பிளேடுக்கு, மோட்டாருக்கு, தகடு உட்காரும் இடம் காலியாக இருந்ததால் அதற்கும், சந்தனத்தைக் குழைத்து அப்பினேன். சாமி விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

மறுநாள் விஜயதசமி, வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் ஒரு பலகையாவது அறுத்துவிட வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பவே நேரமாகிவிட்டது. அவசர அவசரமாகத் தகட்டை வைத்து போல்ட்டை முறுக்கினேன். மச்சான் ஸ்டீல் ஸ்கேலை நீட்டி, நேராக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்க்கச் சொன்னான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இத்தனை வருஷமாக மாட்டுகிறவனுக்கு நீ சொல்லித் தருகிறாயா என்று கத்திவிட்டு சுவரிலிருந்த சுவிட்சைப் போட்டேன். பலகையின் மறுமுனையை வாங்கிக்கொள்ள மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

வேப்பம் பலகை பாதி போனதும் மோட்டார் முனகியது. கருகிய வாசனை வந்தது. பலகை துள்ள ஆரம்பித்தது. மச்சான் இரண்டு கையாலும் அதை அழுத்திக்கொண்டு நின்றான். விட்டால் நெஞ்சில் அடிக்கும், விடாவிட்டால் கை பிளேடுக்குப் போகும்.

"மாமா, நிறுத்துங்க" என்றான். கத்தக்கூட இல்லை.

 சுவிட்சுக்கு எப்படிப் போனேன் என்று இன்றுவரை தெரியாது. பிளேடு முழுசாக நிற்கும்வரை அவன் பிடியைத் தளர்த்தவில்லை. அதற்குப் பிறகுதான் கையை எடுத்தான். பத்து விரலும் இருந்தன.

தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். அடியில் என் சந்தனம் மரத்தூளோடு சேர்ந்து அரிசி கனத்துக்கு இறுகிக் கிடந்தது. தகடு அதன்மேல் ஏறி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. மச்சான் அதை ஆணியால் சுரண்டிப் போட்டுவிட்டு, என்னை மாட்டச் சொன்னான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இந்த வாட்டி நீங்க தள்ளுங்க மாமா. நான் சுவிட்சாண்ட நிக்கிறேன்" என்றான்.

ராகு காலம் எப்போதோ தொடங்கிவிட்டது. நான் ஸ்கேலை எடுத்துப் பிளேடோடு ஒட்டிப் பிடித்து, குனிந்து பார்த்தேன். போல்ட்டைத் தளர்த்தி, தகட்டை மயிரிழை நகர்த்தி, மறுபடி பார்த்தேன். செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்தும் பார்த்தேன். நாலாவது தடவை குனிந்தபோதுதான் உறைத்தது, அவன் கைக்காக நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்று. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.